வானொலி ஊற்றுக் கணக்கும் அதன் வழக்கும்

இரவு வேளையிலே வானொலிப் பெட்டியின் முள்ளை ஒரு நிலையத்துக்கும் மற்றொரு நிலையத்துக்கும் இடையில் நிறுத்தினால், மெல்லியதோர் இரைச்சல் எழுவதை நேயர்கள் யாவரும் கேட்டிருப்பர். அதனை இடையூறு என்று வெறுத்து முள்ளை அப்பால் நகர்த்துவதே வழக்கம். அவ்விரைச்சலின் பெரும்பகுதி இடி மின்னலாலும், அயலிலுள்ள மின்பொறிகளாலும், பெட்டியின் உள்ளுறுப்புகளாலும் உண்டாவதேயாம். ஆயினும், சிற்றலை வரிசையிற் கேட்கும் இரைச்சலில் ஒரு பங்கு இப்பூமியைச் சேர்ந்ததன்று. அது வானத்திலிருந்து வருவது. அதனை வெறுத்தொதுக்காமல், எங்கிருந்து வருகின்றது, எத்தனை இடங்களிலிருந்து வருகின்றது என்று எண்ணத் தொடங்கியவர்கள், ஈற்றில் மிகப் பெரியதொரு வினாவிலே போய் நின்றார்கள். இப்பிரபஞ்சம் என்றும் ஒரே தன்மையதா, அன்றேல் இளமையும் முதுமையும் உடையதா என்பதே அவ்வினா. எண்ணும்போது நேர்ந்த ஒரு பிழையும், அப்பிழையால் மூண்ட வழக்கும், அவ்வழக்குத் தீர்ந்த விதமும் 20ஆம் நூற்றாண்டின் விஞ்ஞான வரலாற்றிலே தனியிடம் பெறுவன.

வானத்து இரைச்சலை முதலில் இனங்கண்டவர் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளர். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வானொலி வழியாகத் தொலைபேசி உரையாடல் நடத்துவதற்கு இடையூறாயிருந்த இரைச்சல்களின் மூலத்தை ஆராயும்படி அவர் பணிக்கப்பட்டிருந்தார். நியூ ஜேர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற இடத்திலே, பழைய போர்ட் மோட்டார் வண்டியின் சில்லுகள்மேற் சுழலும் நீண்டதொரு வான்கம்பியை அமைத்து, 14.6 மீற்றர் அலைநீளத்தில் அவர் செவிகொடுத்தார். இடிமுழக்கத்தின் இரைச்சல் கேட்டது. அதனோடு காரணம் புலப்படாத ஒரு சீறலும் கேட்டது. அச்சீறல் உச்சம் பெறும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி வந்தது. விண்மீன்கள் உதிக்கும் நேரமும் நாள்தோறும் அவ்வாறே முந்துமாதலின், சீறல் சூரியனுக்கோ பூமிக்கோ உரியதன்று, விண்மீன்களுக்கிடையிலிருந்து வருவது என்று அவர் துணிந்தார். பால்வீதியின் நடுவிடமாகிய தனு இராசியின் திசையிலேயே அது வலுத்திருந்தது. 1933இல் இச்செய்தி வெளியாயிற்று. பத்திரிகைகள் வியந்தன, வானியலார் பெரும்பாலும் வாளாவிருந்தனர். ஜான்ஸ்கி வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டார். 1950இல், 44ஆவது வயதில், தாம் திறந்த வழியிலே பிறர் நெடுந்தூரம் செல்வதைக் காணாமலே அவர் காலமானார்.

அவ்வழியிற் சில காலம் தனியே நடந்தவர் குறோட் றீபர் என்பவர். இலினோய் மாநிலத்தில், தம் வீட்டு வளவிலே, தம் சொந்தப் பணத்தில், 31 அடி விட்டமுள்ள கிண்ணம் போன்ற வான்கம்பியொன்றை 1937இல் அவர் கட்டினார். பால்வீதியின் வானொலிப் படத்தை முதன்முதல் வரைந்தவர் அவரே. பின்னர் உலக யுத்தம் வந்தது. யுத்தம் பல கலைகளை நிறுத்தியது. ஆனால் இக்கலைக்கு ஆள்களையும் கருவிகளையும் அதுவே தந்தது எனல் வேண்டும். பகை விமானங்களைக் கண்டறியும் றேடார்க் கருவியோடு பழகிய இளைஞர்கள், யுத்தம் முடிந்ததும் அக்கருவிகளின் எச்சங்களைச் சேர்த்து வானை நோக்கித் திருப்பினார்கள். அவர்களுள் இரு குழுவினர் முதன்மையானவர்கள். ஒரு குழு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மாட்டின் றைல் என்பவரின் தலைமையில் இயங்கியது. மற்றது அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இயங்கியது.

இவர்களுக்கு எதிர்நின்ற பெரும் தடை ஒன்று உண்டு. ஒரு தொலைகாட்டி இரு பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றல், அதன் அகலத்துக்கும் அது ஏற்கும் அலையின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒளியலை மிகமிகக் குறுகியது; ஆதலின் மனிதனின் கண்மணி போன்ற சிறிய துவாரமும் கூர்மையாகப் பார்க்கின்றது. மீற்றர்க் கணக்கிலே நீண்ட வானொலி அலையில் அத்தகைய கூர்மையைப் பெற வேண்டுமாயின், பல மைல் அகலமான கிண்ணம் தேவைப்படும். அதனைக் கட்டவியலாது. எனவே, தொலைவிற் பிரிந்து நிற்கும் இரு வான்கம்பிகளின் ஓசைகளை ஒன்றாகச் சேர்த்து, அவை ஒன்றையொன்று வலுப்படுத்துவதையும் அழிப்பதையும் கொண்டு திசையைக் கணிக்கும் முறையைக் கையாண்டனர். சிட்னியில் ஜோன் போல்டனும் அவருடைய துணைவர்களும் இன்னும் எளியதொரு உபாயம் கண்டனர். கடலோரச் செங்குத்துப் பாறையின் உச்சியிலே ஒரே வான்கம்பியை நிறுத்தி, வானிலிருந்து நேரே வரும் அலையையும் கடல்நீரிற் பட்டுத் திரும்பும் அலையையும் ஒருங்கே ஏற்றனர். கடலே அவர்களுக்கு இரண்டாவது வான்கம்பியாயிற்று. இவ்வகையில் 1949 அளவில் சில ஊற்றுகளின் இருப்பிடம் தெளிவாயிற்று. ஒன்று நமது பால்வீதியிலே வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமாகிய நண்டு நெபுலா. வேறிரண்டு, பால்வீதிக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலங்களின் திசையில் இருந்தன.

ஆயினும், எஞ்சிய ஊற்றுகள் யாவை? றைலும் அவர் குழுவினரும் 3.7 மீற்றர் அலையில் வடவானை ஆராய்ந்து, 50 ஊற்றுகள் கொண்ட முதற் பட்டியலை 1950இல் வெளியிட்டனர். அவற்றை 'வானொலி விண்மீன்கள்' என்றே றைல் அழைத்தார். அவை பால்வீதிக்குள், நமக்கு அணித்தாய் இருக்கும் ஒருவகை மங்கிய விண்மீன்கள் என்பது அவர் கொள்கை. 1951இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த கூட்டமொன்றில், தொமஸ் கோல்ட் என்னும் அறிஞர் எழுந்து, இவ்வூற்றுகள் பால்வீதிக்கு நெடுந்தொலைவுக்கு அப்பாலுள்ளவையாக ஏன் இருக்கக்கூடாது என்று வினாவினார். பிரெட் ஹொயில் அவருக்குத் துணைநின்றார். கோட்பாடு பேசுவோர் அளவீடுகளை விளங்கிக்கொள்ளவில்லை என்னும் பொருள்படக் கடுமையாக மறுத்துரைத்தார் றைல். அன்று கூறப்பட்டதை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் நான்கே ஆண்டுகளில் இவ்விரு திறத்தாரும் இடம் மாறி நின்றனர்.

றைலின் மனத்தை மாற்றியது அன்னம் எனப்படும் விண்மீன் கூட்டத்திலுள்ள ஓர் ஊற்று. வானிலே மிக வலிய ஊற்றுகளுள் அஃதொன்று. றைலின் துணைவராகிய கிரகாம் சிமித் அதன் இடத்தை நுட்பமாக அளந்து அமெரிக்காவுக்கு அனுப்ப, பலோமர் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைகாட்டியால் வோல்டர் பாடே அவ்விடத்தைப் படம்பிடித்தார். அங்கே காணப்பட்டது மங்கிய, உருக்குலைந்த ஒரு விண்மீன் மண்டலம். அதற்குத் தாம் கூறிய விளக்கத்தை நம்ப மறுத்த மின்கோவ்ஸ்கி என்பவரோடு பாடே ஒரு போத்தல் விஸ்கி பந்தயம் கட்டி வென்றார் என்பது அத்துறையில் வழங்கும் கதை. 1954இல் இருவரும் சேர்ந்து முடிவை வெளியிட்டனர். அம்மண்டலம் 70 கோடி ஒளியாண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. கண்ணுக்கு மங்கியிருக்கும் பொருள் வானொலியில் அத்துணை வலிமையோடு ஒலிக்கின்றதெனில், அதே வகைப் பொருள் அதனிலும் பன்மடங்கு தொலைவில் இருந்தாலும் வான்கம்பிக்கு எட்டும். ஒளித் தொலைகாட்டிக்கு எட்டாது. அன்று உலகிற் பெரிய கண்ணாடிக்கும் காணக் கிடையாத ஆழத்தை, வயல்வெளியில் நட்ட கம்பிகள் காணக்கூடும் என்ற எண்ணம் அப்பொழுதே பிறந்தது. இதனிடையே, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்றெல் பாங்க் நிலையத்தில் ஜெனிசனும், கல்கத்தாவிலிருந்து வந்த தாஸ் குப்தாவும் 1953இல் மற்றொரு புதுமையைக் கண்டிருந்தனர். அன்னத்து ஊற்று ஒன்றன்று. மண்டலத்தின் இருபுறமும் இரு சிறகுகள் போல இரண்டு ஒலிப்பரப்புகள் இருந்தன.

இனி, எண்ணும் கலை எவ்வாறு பிரபஞ்சத்தின் வரலாற்றைக் கூறவல்லது என்பதை நோக்குதல் வேண்டும். இருள் சூழ்ந்த எல்லையற்ற வெளியிலே, ஒரே ஒளியுடைய விளக்குகள் எங்கும் சமமாகத் தொங்குவதாகக் கொள்க. இரு மடங்கு தொலைவில் உள்ள விளக்கு நாலிலொரு பங்கு ஒளியுடையதாய்த் தோன்றும். ஆனால் இரு மடங்கு தொலைவு வரை விரிந்த வெளியின் கொள்ளளவோ எட்டு மடங்காகும். எனவே, ஒளியின் எல்லையை நாலிலொன்றாகக் குறைத்து எண்ணும் ஒவ்வொரு முறையும் விளக்குகளின் தொகை எட்டு மடங்காதல் வேண்டும். எட்டினும் மிகுதியாகப் பெருகுமாயின், தொலைவிலே விளக்குகள் நெருங்கியுள்ளன, அல்லது அங்குள்ளவை ஒளி மிக்கவை என்பதே பொருள். வானத்திலோ தொலைவு என்பது காலமும் ஆகும். நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளது நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய தன் நிலையையே நமக்குக் காட்டுகின்றது. ஆகவே தொலைவில் மிகுதி என்பது பண்டைக் காலத்தில் மிகுதி என்றாகும்.

இங்கேதான் வழக்கின் மறுபக்கத்தார் வருகின்றனர். 1948இல் ஹொயிலும், கோல்டும், ஹெர்மன் பொண்டியும் மாறா நிலைக் கொள்கை என்பதை வெளியிட்டிருந்தனர். பிரபஞ்சம் விரிகின்றது, ஆனால் விரியும் இடைவெளியை நிரப்பப் புதிய சடப்பொருள் ஓயாது தோன்றிக்கொண்டேயிருக்கின்றது, ஆதலின் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமுமில்லை, முதுமையுமில்லை, என்றும் எங்கும் அது ஒரே தோற்றமுடையது என்பது அவர் கூற்று. அக்கொள்கைக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு: எண்ணிப் பார்த்தால் என்ன விடை வருதல் வேண்டும் என்று அது மயக்கமின்றிக் கூறியது. விரிவினால் தொலைவிலுள்ளவை மேலும் மங்குவதால், தொகை எட்டு மடங்கினும் சற்றுக் குறைவாகவே பெருகுதல் வேண்டும். மறுக்கப்படத் தக்கவாறு பேசும் துணிவு எல்லாக் கொள்கைகளுக்கும் வாய்ப்பதில்லை.

1955இல் கேம்பிரிட்ஜின் இரண்டாம் பட்டியல் வெளிவந்தது. அதே 3.7 மீற்றர் அலையில், நான்கு பெரிய வான்கம்பிகளின் துணைகொண்டு தொகுத்த 1,936 ஊற்றுகள் அதில் இருந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஹலி நினைவுச் சொற்பொழிவில் றைல் தம் முடிவை வெளியிட்டார். ஊற்றுகளின் தொகை எட்டு மடங்கன்று, அறுபது மடங்கிற்கு மேலாகப் பெருகுகின்றது என்று அவருடைய கணக்குக் காட்டியது. மாறா நிலைக் கொள்கையால் இதனை விளக்க வழியில்லை என்று அவர் முடிவுகட்டினார். நான்காண்டுகளுக்கு முன் இவ்வூற்றுகள் அணித்தானவை என்று வாதித்தவர், அவை மிகத் தொலைவானவை என்பதைக் கொண்டே எதிரியை வீழ்த்த முற்பட்டார். அவை தொலைவானவை என்று முதலிற் சொன்ன கோல்டும் ஹொயிலும், இப்போது கணக்கையே ஐயுற்றனர்.

ஐயம் மெய்யாயிற்று. சிட்னிக்கு அண்மையிலுள்ள பிளேர்ஸ் என்னும் இடத்தில், பேர்னாட் மில்ஸ் என்பவர் புதியதொரு கருவியை 1954இல் அமைத்திருந்தார். ஒவ்வொன்றும் 1,500 அடி நீளமான இரு வான்கம்பி வரிசைகள் சிலுவை வடிவில் நிலத்தின்மேற் கிடந்தன. வடக்குத் தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று. இரண்டும் பொதுவாக நோக்கும் சிறு இடம் மாத்திரமே பதிவாகும். அவ்விடம் சந்திரனின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமுடையது. கேம்பிரிட்ஜ் கருவியின் பார்வைப் பரப்போ அதனிலும் பன்மடங்கு விரிந்தது. இரு நாட்டாருக்கும் பொதுவாகத் தெரியும் வான்பகுதி ஒன்றிருந்தமையால், மில்ஸும் புரூஸ் சிலீயும் தம் 3.5 மீற்றர்ப் பட்டியலைக் கேம்பிரிட்ஜ்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தனர். ஒரே வானை நோக்கிய இரு பட்டியல்கள் அவை. ஆனால் தற்செயலாகப் பொருந்தக்கூடியதற்கு மேலாக மிகச் சிறிதளவே பொருந்தின. சிட்னிக் கணக்கிலே பெருக்கமும் எட்டு மடங்கிற்குச் சற்றே கூடியதாக இருந்தது. அந்த மிகையும் அளவைப் பிழையால் விளைந்ததாகலாம் என்று கருதினர். 1957இல் இது வெளியாயிற்று. கேம்பிரிட்ஜ்ப் பட்டியலைக்கொண்டு பிரபஞ்சத்தைப் பற்றி முடிவுகட்டுதல் பயனற்றது என்பதே அவர்கள் தீர்ப்பு.

பிழை எங்கே நேர்ந்தது? தூரத்தே ஒரு கிராமத்தின் விளக்குகளை மூடுபனியினூடே காண்பவன், அடுத்தடுத்துள்ள மூன்று நான்கு சிறு விளக்குகளை ஒரு பெரிய விளக்கென மயங்குதல் இயல்பு. கேம்பிரிட்ஜ்க் கருவியின் அகன்ற பார்வையில் அதுவே நிகழ்ந்தது. தனித்தனியே பதிய வலியற்ற பல மெல்லிய ஊற்றுகள் ஒன்றுகூடி, இல்லாத ஊற்றுகளாய்ப் பட்டியலேறின. வலிமை குறைந்த பக்கத்திலேயே இம்மயக்கம் மிகுதியாதலின், தொகை போலியாகப் பெருகியது. இரண்டாம் பட்டியலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இவ்வகைப் போலிகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. கேம்பிரிட்ஜிலேயே பீற்றர் ஷோயர் என்னும் இளைஞர், ஊற்றுகளைத் தனித்தனி எண்ணுவதைக் கைவிட்டு, பதிவுத் தாளில் முள் ஏறியிறங்கும் ஏற்றத்தாழ்வுகளின் பரவலிலிருந்தே தொகையின் பெருக்கத்தைக் கணிக்கும் முறையொன்றை 1957இல் வகுத்தார். பழுதான பட்டியலைப் பிறப்பித்த அதே பதிவுகளிலிருந்து அவர் பெற்ற விடை, பிற்காலத்திற் சரியெனக் கண்டதற்கு அணித்தாயிருந்தது. அன்று அதனைக் கேம்பிரிட்ஜும் நம்பவில்லை, சிட்னியும் நம்பவில்லை.

றைல் பெருஞ்சினமுடையவர் என்பர். ஆனால் சினத்தைக் காட்டிலும் உழைப்பு அவரிடம் மிகுந்திருந்தது. அவர் குழுவினர் அலைநீளத்தைக் குறுக்கினர். 1.9 மீற்றரில் எண்ணிய மூன்றாம் பட்டியல் 1959இல் வந்தது. அதில் 471 ஊற்றுகளே இருந்தன. 1,936இலிருந்து 471 ஆகக் குறைதல் ஒரு குழுவினருக்கு எளிதான செயலன்று. தம் பழைய பிழையைத் தாமே அச்சிட்டு ஒப்புக்கொள்வதாகும் அது. அத்தகைய திருத்தமே அப்பட்டியலை நிலைக்கச் செய்தது. இன்றும் வானியலார் பல பெரும் ஊற்றுகளை அம்மூன்றாம் பட்டியலின் எண்ணாலேயே குறிப்பிடுகின்றனர். பின்னர், கேம்பிரிட்ஜ் நகருக்கு வெளியே லோர்ட்ஸ் பிரிட்ஜ் என்னும் இடத்தில் பெருங்கருவிகளை நிறுவி, 1.7 மீற்றர் அலையில் நாலாம் பட்டியலுக்கான வேலையை ஆரம்பித்தனர். கிட்டத்தட்ட 4,800 ஊற்றுகள் கொண்ட அப்பட்டியல் 1965இலும் 1967இலுமாக முற்றுப்பெற்றது.

அது முற்றுப்பெறு முன்பே றைல் முடிவை அறிந்துகொண்டார். 1961 பெப்ரவரியில் இலண்டனில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் நடைபெற்றது. ஹொயிலும் அவர் மனைவியும் அதற்கு அழைக்கப்பட்டிருந்தனர். மேடையில் தாம் அமர்த்தப்பட்டதையும், என்ன கூறப்படும் என்பதை முன்கூட்டியே அறியாமல் நிருபர்கள் முன்னிலையில் இருக்க நேர்ந்ததையும் ஹொயில் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளிற் கசப்போடு குறித்துள்ளார். புதிய கணக்கின்படி பெருக்கம் அறுபது மடங்கன்று. ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. எனினும் அது எட்டினும் மிகை. மாறா நிலைக் கொள்கை கோரிய அளவினும் தெளிவாக மிகை. ஆறு ஆண்டுகளுக்கு முன் பிழையான எண்ணைக்கொண்டு றைல் சொன்ன அதே முடிவு, இப்பொழுது சரியான எண்ணின்மேல் நின்றது. ஹொயில் தரப்பாருக்கு இதில் எழுந்த மனக்குறையை எளிதில் ஒதுக்குதல் தகாது. முதற் கணக்குப் பொய்த்த பின்னும் முடிவு மட்டும் மாறாதிருப்பதைக் காண்போர், முடிவு முந்தியதோ கணக்கு முந்தியதோ என்று ஐயுறுதல் இயற்கையே. ஆனால் மில்ஸ் குழுவினரின் எண்ணும் கேம்பிரிட்ஜின் புதிய எண்ணும் இப்போது நெருங்கி நின்றன என்பதே இவ்வையத்துக்கு விடையாயிற்று.

இன்னொரு சான்றும் வந்தது. 1960இல் மின்கோவ்ஸ்கி, மூன்றாம் பட்டியலின் 295ஆம் ஊற்றைப் பலோமரில் ஆராய்ந்து, அதன் ஒளி பாதிக்குச் சற்றுக் குறைந்த விகிதத்தில் நீட்சியுற்றிருப்பதைக் கண்டார். அன்று அறியப்பட்ட விண்மீன் மண்டலங்களுள் அதுவே மிகத் தொலைவானது. மூன்றாண்டுகளின் பின், 273ஆம் ஊற்றை மாட்டின் ஷ்மிட் ஆராய்ந்து குவாசார் என்னும் புதுவகைப் பொருளை உலகுக்கு அறிவித்தார். 1965இல் பென்சியாசும் வில்சனும், வானெங்கும் நிறைந்த நுண்ணலைக் கதிர்வீச்சை வெளியிட்டதும் பெரும்பாலார்க்கு வழக்குத் தீர்ந்தது. பெருவெடிப்புக் கொள்கையே நிலைத்தது. ஹொயில் மட்டும் இறுதிவரை முழுமையாக இணங்கினாரில்லை.

சிட்னியில் மில்ஸின் சிலுவை உருவாகிக்கொண்டிருந்த காலத்திலே, இந்தியாவிலிருந்து பயிற்சிக்காக வந்திருந்த ஓர் இளைஞர் அவ்வாய்வுகூடத்தில் இருந்தார். கோவிந்த் சுவரூப் என்பது அவர் பெயர். 1953 தொடக்கம் 1955 வரை அங்கே பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று, ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். கேம்பிரிட்ஜும் சிட்னியும் மோதிய வினாவுக்கு, எண்ணுவதல்லாத வேறொரு வழியால் விடைகாண இயலுமா என்று அவர் எண்ணினார். சந்திரன் வானிற் செல்லும்போது வழியிலுள்ள ஊற்றுகளை மறைக்கின்றது. மறையும் கணத்தையும் வெளிப்படும் கணத்தையும் நுட்பமாகக் குறித்தால், ஊற்றின் இடமும் அகலமும் தெரிந்துவிடும். சந்திரனின் விளிம்பு ஒரு விநாடியில் நகரும் கோணம் மிகச் சிறிதாதலின், பல மைல் அகலமான கருவிக்குரிய கூர்மை செலவின்றிக் கிடைக்கின்றது. ஆனால் மங்கிய ஊற்றுகளைக் கேட்பதற்குப் பெரும் பரப்புள்ள தொலைகாட்டி வேண்டும். அது சந்திரனைப் பல மணிநேரம் தொடர்ந்து செல்லவும் வேண்டும்.

இதற்குத் தமிழகத்தின் நீலகிரி மலை கைகொடுத்தது. பூமத்தியரேகைக்கு வடக்கே 11 பாகையில் உள்ளது உதகமண்டலம். அதனருகே முத்தோரை என்னும் இடத்தில், வடக்குத் தெற்காக ஏறத்தாழ அதே 11 பாகை சரிந்த மலைச்சாரல் ஒன்றைத் தேடிக் கண்டனர். அச்சரிவில் ஒரு நீண்ட அச்சை அமைத்தால், அது பூமியின் அச்சுக்கு நேரிணையாகும். பின்பு ஒரே அச்சிற் கருவியைச் சுழற்றினாலே வானின் ஓட்டத்தைத் தொடரலாம். 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட தொட்டி போன்ற அத்தொலைகாட்டியை 24 உருக்குச் சட்டங்கள் தாங்குகின்றன. அதன் பிரதிபலிக்கும் பரப்பு தகடன்று. நெடுகிலும் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடியாக் கம்பிகள். அலைநீளம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்ததாதலின், கம்பிகளுக்கிடையிலுள்ள வெளி அலைக்குத் தெரிவதில்லை. காற்றும் மழையும் ஊடே சென்றுவிடும். பெருநாடுகளின் செலவில் ஒரு சிறு பங்கில் இஃது அமைந்தது. 1970இல் சந்திர மறைப்பைப் பதியத் தொடங்கியது.

பல நூறு மறைப்புகள் பதிவாயின. சுவரூப்பும் அவருடைய மாணவர் விஜய் கபாகியும் ஊற்றுகளின் வலிமையையும் அவற்றின் தோற்ற அகலத்தையும் ஒப்பிட்டு 1975இல் முடிவை வெளியிட்டனர். மங்கிய ஊற்றுகள் சராசரியாகச் சிறியவையாகத் தோன்றின. அஃதாவது, மங்கியவை அணித்தேயுள்ள வலிகுறைந்த பொருள்கள் அல்ல, உண்மையிலேயே தொலைவானவை. அவை பண்டைக் காலத்தில் இன்றினும் மிக்கிருந்தன என்று கொண்டாலன்றி அவ்வளவைகள் பொருந்தவில்லை. தீர்ப்பு ஏற்கெனவே பெரும்பாலும் வந்துவிட்ட காலம் அது என்பது மெய்யே. ஆயினும், இருபதாண்டுக் காலம் எண்ணிக்கையையே பற்றி நின்ற வழக்கில், எண்ணிக்கையைச் சாராத சாட்சி ஒன்று நீலகிரியிலிருந்து எழுந்தது.

வழக்குத் தீர்ந்தபின் எண்ணும் வேலை ஓய்ந்துவிடவில்லை. அதன் நோக்கம் மாறியது. மிகத் தொலைவான வானொலி மண்டலங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே அடுத்த வினா. ஊற்றுகளிற் பெரும்பாலானவை நீண்ட அலையில் வலுத்தும் குறுகிய அலையில் மெலிந்தும் ஒலிப்பன. ஆனால் சில ஊற்றுகளில் இம்மெலிவு மிகச் செங்குத்தானது. அத்தகையவற்றைப் பலோமர்ப் படங்களில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் தென்படவில்லை. 1979இல் ஒல்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் மைலியும் பிறரும் இதனைச் சுட்டிக்காட்டி, செங்குத்தாக மெலிபவையே மிகத் தொலைவிலுள்ளவை என்றனர். அதன்பின் தேடுதல் எளிதாயிற்று: நீண்ட அலைப் பட்டியலையும் குறுகிய அலைப் பட்டியலையும் அருகருகே வைத்து, முன்னதில் உரக்கவும் பின்னதில் முணுமுணுப்பாகவும் கேட்பவற்றைப் பொறுக்கி எடுத்தனர். கேம்பிரிட்ஜின் நாலாம் பட்டியலிலிருந்து இவ்வாறு எடுக்கப்பட்ட ஒரு மண்டலம், ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒளியை அனுப்பியது என்று 1990இல் வெளியாயிற்று. 1999இல் மற்றொன்று அதனையும் கடந்தது.

நீண்ட அலையிலே வானை அளப்பதற்கு இடையூறாய் நிற்பது, வானொலி நேயர்களுக்கு நெடுங்காலம் நண்பனாய் இருந்த ஒன்று. மேல்வானத்து அயனமண்டலமே கடல் கடந்த நிலையங்களின் சிற்றலைகளைத் திருப்பியனுப்பி வீடுகளிற் கேட்கச் செய்தது. அதே மண்டலம் விண்ணிலிருந்து வரும் நீண்ட அலைகளை வளைத்தும் நடுங்கச் செய்தும், நீரினடியிற் கிடக்கும் நாணயத்தைப் போல ஊற்றுகளை இடம் மாற்றிக் காட்டுகின்றது. இந்நடுக்கத்தைக் கணக்கிட்டு நீக்கவல்ல கணினிகள் வரும்வரை, மிக நீண்ட அலைகளிற் கூரிய படம் கிடைக்கவில்லை. சுவரூப் பூனா மாவட்டத்தில் கோடாட் என்னும் கிராமத்தருகே 1990களில் நிறுவிய, 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட பெருந்தொலைகாட்டி இதில் ஒரு படி. அங்கு 2 மீற்றர் அலையில், வானில் பத்தில் ஒன்பது பங்கை ஆராய்ந்து தொகுத்த 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஊற்றுகளின் பட்டியல் 2017இல் வெளிவந்தது. 2010இல் ஒல்லாந்தில் திறந்துவைக்கப்பட்ட லோபார் என்னும் தொலைகாட்டி மற்றொரு படி. கிண்ணமோ சுழலும் உறுப்போ அதில் இல்லை. பல நாடுகளில் வயல்வெளிகளில் நிற்கும் ஆயிரக்கணக்கான எளிய வான்கம்பிகளைக் கணினி ஒன்றிணைக்கின்றது. வடவானின் நாலிலொரு பங்கிற்குச் சற்று மேலான பரப்பிலிருந்து மட்டும் ஏறத்தாழ 44 இலட்சம் ஊற்றுகளை அது 2022இல் வெளியிட்ட பட்டியலிற் சேர்த்தது.

இவ்வளவு கூரிய கருவியிலும் பழைய இடர் புதுவேடம் பூண்டு வந்தது. கேம்பிரிட்ஜில் பல ஊற்றுகள் ஒன்றாகத் தோன்றின. இங்கே ஒன்று பலவாகத் தோன்றுகின்றது. அன்னத்து மண்டலத்தைப் போல இரு சிறகு விரித்து நிற்கும் ஒரு மண்டலத்தைக் கணினி இரண்டு ஊற்றுகள் என்று எண்ணிவிடும். தொடர்பற்ற இரண்டினை ஒன்றென இணைத்தும் விடும். எந்தச் சிறகு எந்த மண்டலத்துக்கு உரியது என்பதைத் தீர்ப்பதற்காக, லோபார் ஆய்வாளர்கள் பொதுமக்களின் துணையை நாடினர். உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள், வானொலிப் படத்தையும் ஒளிப்படத்தையும் ஒருங்கே வைத்து, ஒவ்வொன்றாகக் கண்ணாற் பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள்.